திருப்பூரில் இன்று வேலை செய்வது யார்?

(டிசம்பர் 2025 பொதுக்குழுக் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினரான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுமையாக வெளியிடுகிறோம்.)



இன்றைய நிகழ்ச்சி நிரலில் கடைசியாக ஒரு தீர்மானம் இருக்கிறது. வெளியூரில் இருக்கும் உரிமையாளர்கள் தங்கள் பிளாட்டை வடமாநிலத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடக் கூடாது என்பதுதான் அது. ஓட்டுக்கு விடுவதற்கு முன் பத்து நிமிஷம் பேச அனுமதி கேட்டேன். தலைவர் பெரிய மனது பண்ணி இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் வாத்தியாராக இருந்தவனிடம் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அப்படியும் கொடுத்திருக்கிறார், நன்றி.

தீர்மானம் கொண்டுவந்தவர்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. டி பிளாக்கில் ஒரு பிளாட்டில் ஒன்பது பேர் இருந்தார்கள், தண்ணீர் போதவில்லை, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்து கேட்டைத் தட்டினார்கள் என்பதெல்லாம் உண்மை. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

நான் 1991, 2001, 2011 மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் வீடு வீடாகப் போனவன். ஆசிரியர்களுக்கு அது கூடுதல் வேலை. மூன்று முறையும் திருப்பூரில்தான் எனக்குப் பகுதி ஒதுக்கினார்கள். சொந்த ஊர் குண்டடம் பக்கம், பிழைப்பு திருப்பூர். 2001-இல் குண்டடம் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது, திருப்பூர் கோவை மாவட்டத்தில் இருந்தது. 2009-இல்தான் இரண்டும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தன. ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலேயே நம் ஊர் ஆட்கள் பல்லடம் ரோட்டில் பஸ் ஏறிப் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். மழை பொய்த்தால் சோளமும் இல்லை, தீவனமும் இல்லை. உப்பாறு அணை நிறைந்த வருஷங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதனால் வீட்டுக்கு ஒருவர் காட்டையும் ஆட்டையும் பார்த்துக்கொண்டார், இன்னொருவர் கம்பெனிக்குப் போனார்.

இப்போது எண்களைச் சொல்கிறேன். 2001-இல் திருப்பூர் நகரத்தின் மக்கள்தொகை 3,44,543. 2011-இல் அதே நகரத்தில் 4,44,352. பத்து வருஷத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் கூடினார்கள். அதன் பிறகு வேலம்பாளையம், நல்லூர், சுற்றியுள்ள ஊராட்சிகள் எல்லாம் மாநகராட்சியோடு சேர்ந்தன. அந்தப் பெரிய எல்லைக்குள் 2011 கணக்குப்படியே 8,77,778 பேர். மாவட்டம் முழுக்க 24,79,052 பேர். அந்தப் பத்து வருஷத்தில் தமிழ்நாட்டின் வளர்ச்சி 15.6 சதவீதம், நம் மாவட்டத்தின் வளர்ச்சி 29 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

இந்த 29 சதவீதம் எப்படி வந்தது? நாம் குழந்தை பெற்றுப் பெற்றா வந்தது? இந்த ஹாலில் இருப்பவர்களே உங்கள் வீட்டில் எத்தனை குழந்தை என்று மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அந்த வளர்ச்சியில் பெரும் பங்கு வெளியிலிருந்து வந்தவர்களால்தான்.

வந்தவர்கள் என்றதும் பீகார், ஒடிசா என்று நினைக்கிறோம். 1991-இல் நான் நோட்டை எடுத்துக்கொண்டு போனபோது அந்தப் பெயர்களை எழுதவே இல்லை. பிறந்த இடம் என்று கேட்டால் தேனி, மதுரை, திண்டுக்கல், ராமநாதபுரம், திருநெல்வேலி, தஞ்சாவூர் என்று வரும். 'தெக்கத்தி ஆளுக' என்று நாம் சொல்வோம். அவர்களுக்கு வீடு கொடுக்கலாமா, வேண்டாமா என்று இதே மாதிரிதான் அன்றைக்கும் பேச்சு நடந்தது. 'சண்டைக்காரங்க, வாடகை ஒழுங்கா வராது' என்று என் வீட்டிலேயே பேசியிருக்கிறார்கள். இன்றைக்கு அந்தக் குடும்பங்களில் கட்டிங் மாஸ்டர் ஆனவர்கள், சொந்தமாகப் பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவர்கள், நம் பிள்ளைகளுக்குச் சம்பந்தி ஆனவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் இப்போது சிரிக்கிறது எனக்குத் தெரிகிறது.

அப்படியானால் தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்தவர்கள் ஏன் குறைந்தார்கள்? காரணம் இரண்டு.

முதல் காரணம் பிறப்பு. ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடு செய்ய ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் அது 1.8. பீகாரில் 3. இரண்டாவது காரணம் படிப்பு. 2021–22 உயர்கல்வி ஆய்வின்படி தமிழ்நாட்டில் கல்லூரி வயதில் இருக்கும் நூறு பேருக்கு 47 பேர் என்ற கணக்கில் கல்லூரியில் இருக்கிறார்கள். இந்தியச் சராசரி 28. பீகாரில் 17. நம் பையன் இன்ஜினியரிங் படித்துவிட்டு ஓவர்லாக் மெஷினில் உட்காருவானா? உட்கார வேண்டாம் என்றுதானே படிக்க வைத்தோம். அது நல்ல காரியம். ஆனால் அந்த மெஷின் காலியாக இருக்காதே, யாராவது உட்கார்ந்துதானே ஆக வேண்டும்.

இதோடு முதுமையையும் சேர்த்துப் பாருங்கள். 2021-க்கு அரசு நிபுணர் குழு கணித்தபடி தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம், பீகாரில் 7.7 சதவீதம். 2031-இல் நாம் 18 சதவீதத்தைத் தாண்டிவிடுவோம். அந்தக் கணக்கில் நானும் ஒருத்தன். நம் குடியிருப்பில் எத்தனை வீட்டில் கணவன் மனைவி இருவர் மட்டும் இருக்கிறோம், பிள்ளைகள் பெங்களூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள்? அவர்களும் புலம்பெயர்ந்த தொழிலாளர்கள்தானே. சம்பளம்தான் வேறு.

வேலை என்ன அளவு என்பதையும் பார்த்துவிடுவோம். 2024–25-இல் திருப்பூரிலிருந்து சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி ஆனது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் இங்கிருந்துதான் போகிறது. உள்நாட்டு வியாபாரம் தனி. நேரடியாக ஆறு லட்சம் பேர் வேலை செய்கிறார்கள் என்று தொழில் அமைப்புகள் பொதுவாகச் சொல்கின்றன. அதில் வடமாநிலத்தவர் எத்தனை என்று கேட்டால் ஒருவர் இரண்டு லட்சம் என்பார், இன்னொருவர் மூன்று லட்சம் என்பார். இதெல்லாம் மதிப்பீடு, எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை. 1881-இலிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை தவறாமல் நடந்த கணக்கெடுப்பு 2021-இல் நடக்கவில்லை. பதினான்கு வருஷத்துக்கு முந்தைய எண்ணை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் பள்ளிக்கூடத்துக்கும் திட்டம் போடுகிறார்கள்.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2019–20 ஆண்டுத் தொழில் ஆய்வின்படி இந்தியாவில் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். நூல் மில்லிலும், செக்கிங்கிலும், கைமடியிலும், பேக்கிங்கிலும் இருப்பவர்கள் அதில் பெரும் பங்கு. காலை ஏழு மணிக்குக் குண்டடம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்து நில்லுங்கள், கம்பெனி வேன்கள் வரிசையாக வரும். உள்ளே முக்கால்வாசி நம் ஊர் அம்மிணிகள்தான். அவர்கள் தைப்பதும் வடநாட்டுப் பையன் தைப்பதும் ஒரே டீ சர்ட். ஒருவர் கழுத்து அடிப்பார், இன்னொருவர் கை ஏற்றுவார். இதில் ஒரு ஆள் வராவிட்டால் அந்த லைனே நின்றுவிடும்.

அது நின்றதையும் பார்த்திருக்கிறோம். 2020 ஊரடங்கில் திருப்பூரிலிருந்து பீகாருக்குச் சிறப்பு ரயில்கள் விட்டார்கள். பெயர் பதிவு செய்யும் இடத்தில் நான் தன்னார்வலனாக உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் என் முன்னால் நின்றான். வயது பத்தொன்பது என்றான், பார்த்தால் பதினாறு. 'திரும்பி வருவாயா' என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டேன். 'மெஷின் இருக்குமா சார்' என்று தமிழில் கேட்டான். இரண்டு மாதம் கழித்துக் கம்பெனிக்காரர்கள் பஸ் வைத்தெல்லாம் ஆட்களைத் திரும்பக் கூட்டி வந்தார்கள்.

2023 மார்ச்சில் என்ன நடந்தது? வேறெங்கோ எடுத்த வீடியோவைத் தமிழ்நாட்டில் பீகாரிகளை அடிக்கிறார்கள் என்று யாரோ பரப்பிவிட்டார்கள். பயந்துபோய் ரயில் ஏறினார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து பார்த்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்று போனது. ஒரு பொய் வீடியோவுக்கே இந்த ஊர் ஆடிப்போனது. இந்த வருஷம் தீபாவளி, சட் பூஜை, அதற்கடுத்து நவம்பர் 6, 11 தேதிகளில் பீகார் தேர்தல். ஊருக்குப் போனவர்கள் எப்போது வருவார்கள் என்று எத்தனை முதலாளிகள் போனும் கையுமாக இருந்தார்கள் என்பது இங்கே இருக்கும் சிலருக்கு நன்றாகத் தெரியும்.

என் மகன் அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் இருக்கிறான். அவனைப் பார்க்கப் போனபோது லோவல் என்ற ஊருக்குக் கூட்டிப் போனான். நம் திருப்பூரை விடச் சிறிய ஊர். 1820-களில் மெரிமேக் ஆற்றங்கரையில் பருத்தி ஆலைகள் கட்டினார்கள். முதலில் சுற்று வட்டார விவசாயிகளின் பெண் பிள்ளைகளைத்தான் வேலைக்குக் கூட்டி வந்தார்கள். கம்பெனியே விடுதி கட்டியது. ராத்திரி பத்து மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணி நேரம் வேலை. 1834-இல் கூலியைக் குறைத்தபோதும், 1836-இல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியபோதும் அந்தப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இதைக் கேட்கும்போது நம் பக்கத்து நூல் மில் ஹாஸ்டல் ஞாபகம் வருகிறதா, இல்லையா?

பிறகு அந்தப் பெண்களின் இடத்துக்கு அயர்லாந்துக்காரர்கள் வந்தார்கள். அடுத்துக் கனடாவிலிருந்து பிரெஞ்சு பேசுகிறவர்கள், அதற்கடுத்து கிரேக்கர்கள், போலந்துக்காரர்கள். ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் முந்தி வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1920-இல் அந்த ஊரில் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். ஆலைகள் கூலி குறைந்த தென்மாநிலங்களுக்குப் போனதும் 1960-இல் 92,107 ஆகக் குறைந்தது. 1980-களில் கம்போடியாவிலிருந்து அகதிகள் வந்து குடியேறினார்கள். காலியாகக் கிடந்த கடைகளைத் திறந்தார்கள். 2020-இல் அந்த ஊரின் மக்கள்தொகை 1,15,554, முந்தைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. பழைய ஆலை ஒன்றை மியூசியம் ஆக்கி, அந்தக் காலத் தறிகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். சோமனூர் பக்கம் கேட்கிற அதே சத்தம். என் மகன் காதைப் பொத்திக்கொண்டான், எனக்கு ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். ஆட்கள் வருகிறார்களே என்று கவலைப்படுகிற ஊர் நல்லபடியாக இருக்கிற ஊர். ஆட்கள் வருவது நின்றுபோன ஊரில்தான் வீட்டு விலை சரியும். நமக்கும் அந்த நாள் வரக்கூடும். ஒடிசாவின் பிறப்பு விகிதம் இப்போதே 1.8, நம்மைப் போலத்தான். மேற்கு வங்கம் 1.6, நம்மை விடக் குறைவு. பீகாரும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அங்கேயே தையல் கம்பெனி வந்தால் யார் இரண்டு ராத்திரி ரயிலில் உட்கார்ந்து இங்கே வருவார்கள்? அதோடு 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஓவர் டைம் குறைந்த கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாக ஆகிவிட்டது. அந்த அரை ஷிப்டுதான் அவன் ஊருக்கு அனுப்புகிற பணம்.

இப்போது நம் தீர்மானத்துக்கு வருகிறேன். அதற்கு முன் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

திருப்பூரில் எனக்கு ஒரு காம்பவுண்ட் வீடு இருந்தது. எட்டு ரூம், ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு கக்கூஸ். குடும்பத்துக்கு விட்டால் ரூமுக்கு இவ்வளவு என்றுதான் வாடகை வரும். வடமாநிலப் பையன்களுக்கு விட்டபோது தலைக்கு இவ்வளவு என்று வாங்கினேன். தலை கூடினால் எனக்கு லாபம். அதனால் ஒரு ரூமில் எட்டுப் பேர் இருந்தாலும் கண்டுகொள்ளவில்லை. சாக்கடை அடைத்தால் மட்டும் 'இவனுகளுக்குச் சுத்தமே கிடையாது' என்று திட்டினேன். இரண்டு கக்கூஸை அறுபது பேருக்குக் கொடுத்தது யார்? நான்தான். டி பிளாக்கில் ஒன்பது பேர் இருந்ததும் அப்படித்தான். அந்த உரிமையாளர் தலைக்கு வாடகை வாங்கினார். தப்பு குடியிருந்தவன் மேல் இல்லை.

இன்னொரு தப்பும் உண்டு. 2011 பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுப்பு நடந்தது. ஒரு காம்பவுண்டுக்கு மூன்று தடவை போனேன், மூன்று தடவையும் பூட்டு. அந்த வீட்டுக்காரர், 'வந்து போறவங்களை எதுக்குங்க சார் எழுதறீங்க, ஆறு பேர்னு போட்டுக்கங்க' என்றார். ஆறு என்று எழுதினேன். கயிற்றில் பதினொரு லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் அந்தப் பதினொன்று என் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த ஐந்து பேரும் அந்த நாட்டின் கணக்கிலேயே இல்லை.

ஆகவே தீர்மானத்தைத் திருத்தி மூன்று அம்சமாக வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, இன்ன மாநிலத்தவர் என்று பார்க்காமல் எத்தனை பேர் என்று பார்ப்போம். இரண்டு படுக்கையறை பிளாட்டில் அதிகபட்சம் இத்தனை பேர்தான் என்று ஒரு வரம்பு வைப்போம். அது தமிழ் பேசுகிறவருக்கும் பொருந்த வேண்டும். தலைக்கு வாடகை வாங்கும் உரிமையாளருக்கு அபராதம் போடுவோம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும் பதிவும் கட்டாயம். அதை எல்லா பிளாட்டுக்கும் கேட்போம். போலீசில் கொடுக்கிற வாடகைதாரர் விவரமும் எல்லோருக்கும் ஒரே படிவம்தான்.

இரண்டாவது, நம் வாசலிலேயே வேலை செய்கிறவர்கள். வாட்ச்மேன் இருவரும் ஒடிசா, ஹவுஸ்கீப்பிங்கில் மூன்று பேர் அசாம். ஏஜென்சிக்கு மாதாமாதம் நாம் கொடுக்கும் பணத்தில் அவர்கள் கைக்கு எவ்வளவு போகிறது என்று இதுவரை கேட்டிருக்கிறோமா? பிஎஃப், இஎஸ்ஐ கட்டின ரசீதைக் காட்டச் சொல்வோம். வாரம் ஒரு நாள் லீவு உண்டா என்று விசாரிப்போம். போன மாதம் 21-ஆம் தேதி முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன. புலம்பெயர் தொழிலாளருக்கான 1979 சட்டமும் அதில் ஒன்றோடு சேர்ந்துவிட்டது. ஏஜென்சி பார்த்துக்கொள்ளும் என்று நாம் கையைக் கழுவ முடியாது. மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அந்த அறையில் ஒரு ஃபேன் கூட இல்லை. அதற்குத் தீர்மானம்கூட வேண்டாம், என் செலவிலேயே நாளைக்கு வாங்கித் தருகிறேன்.

மூன்றாவது, கணக்கெடுப்பு. 2026-இல் வீடுகளைப் பட்டியலிடும் பணி ஆரம்பிக்கிறது. ஆட்களை எண்ணுவது 2027-இல், மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து. அன்றைக்கு நம் கேட்டுக்கு வரும் ஆசிரியையிடம் 'வாட்ச்மேனை விட்டுடுங்க மேடம்' என்று யாரும் சொல்லக் கூடாது. பின்னால் இருக்கிற தகர ஷெட்டில் தங்கும் கட்டட வேலைக்காரர்களையும் காட்ட வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தால்தான் ஆட்கள் இருப்பார்கள் என்று சொல்லி, அந்த நேரத்தில் கேட்டைத் திறந்து வையுங்கள். தண்ணீருக்கும் ரேஷனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அந்த எண்தான் ஆதாரம். இருக்கிறவனை எண்ணாமல் விட்டால், அவன் குடிக்கிற தண்ணீர் நம் பங்கிலிருந்துதான் போகும்.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். நம் பக்கத்து அரசுப் பள்ளியில் இப்போது இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகள் படிக்கிறார்கள். போன வாரம் ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஒரு சிறுமி எழுந்து திருக்குறள் சொன்னாள். ழகரம் அவ்வளவு சுத்தம். உச்சரிப்பு எங்கே கற்றாய் கண்ணு என்று கேட்டேன். 'இங்கதானுங்க சார்' என்றாள். அந்த 'ங்க' நம் ஊர் 'ங்க'. அவளுக்கு இந்த ஊரில் ஒரு வீடு கொடுப்பதா, வேண்டாமா என்பதுதான் இப்போது நம் முன்னால் இருக்கிற ஓட்டு. யோசித்துப் போடுங்கள்.



(ஆசிரியர் குழுக் குறிப்பு: விவாதத்துக்குப் பின் முதல் தீர்மானம் ஓட்டுக்கு விடப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டது. திருத்திய தீர்மானத்தின் வரைவைத் தயாரிக்க ஐந்து பேர் குழு அமைக்கப்பட்டுள்ளது. ஒரு பிளாட்டில் எத்தனை பேர் என்ற வரம்பு குறித்து உங்கள் கருத்தை ஜனவரி இறுதிக்குள் சங்க அலுவலகத்தில் எழுத்தில் தரவும். காவலர் அறையில் ஃபேன் மாட்டியாகிவிட்டது.)